பவுண்டில் தேடாத மாடு

அன்னவாசலுக்கு வடக்கே ஒரு கண்மாய்க்கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கலிங்கில் தண்ணீர் வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றான் ஜெகபர் சாதிக். மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்த ஒருவர், "என்ன சோலியா வந்தீங்க?" என்று கேட்டார். "சும்மாதாங்க" என்றான். அதுதான் அவன் செய்த முதல் தப்பு. கால்மணி நேரத்துக்குள் கரையில் ஏழு பேர் சேர்ந்துவிட்டார்கள். சமஸ்தானம் போய் எட்டு வருஷம் ஆகியிருந்தாலும், புது சர்க்கார் நிலத்தை மறுபடி அளக்கப்போகிறது என்ற பேச்சு ஓயாத காலம் அது. ஒருவர் கேரியரில் அளவுச் சங்கிலி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். இன்னொருவர் வரி ஆபீஸ் ஆள் என்று முடிவே கட்டிவிட்டார். மூன்றாமவர் எல்லாம் தெரிந்தவர்போல் சிரித்தார். பெண் கேட்டு வருவதற்கு முன்னால் ஊருக்குள் ஆள் விட்டு நைசாக விசாரிப்பார்கள் அல்லவா, அந்த ஆள் எந்த ஊரிலும் 'சும்மா வந்தேன்' என்றுதான் சொல்வான். எந்த வீட்டுப் பெண் என்று மட்டும் சொன்னால், நல்லதாகவே நாலு வார்த்தை சொல்வதாக அவர் சாதிக்குக்கு வாக்குக் கொடுத்தார். கடைசியில் இரண்டு பேர் அவனை மிக மரியாதையாக மெயின் ரோடு வரை கூட்டிவந்து விட்டார்கள். "பன்னண்டு மணிக்கு ஒரு பஸ்ஸு வரும். சைக்கிள மேல போட்டுக்கிட்டுப் போயிருங்க" என்றார்கள். அந்தப் பன்னிரண்டு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் கிழிப்பதுதான் வாரத்தில் ஆறு நாளும் சாதிக்கின் வேலை.

புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனியில் அவன் புக்கிங் கிளார்க். கம்பி வலையில் கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகக் காலையிலிருந்து இருட்டும் வரை கைகள் வரும். கூடவே ஊர்ப்பெயர்கள் வரும். கீரனூர் ஒண்ணு, இலுப்பூர் ரெண்டு, குன்றாண்டார்கோவில் ஒரு முழுசு ஒரு அரை. ஆறு வருஷமாக அவன் வாய் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. கம்பெனிப் பஸ்ஸில் அவனுக்கு டிக்கெட் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் ஏறிப் போகலாம். இரண்டு மூன்று முறை போயும் பார்த்தான். பஸ்ஸில் போனால் ஊர் வந்தது, வழி வரவில்லை. அதற்காகத்தான் ஒரு பழைய பச்சைச் சைக்கிளை வாங்கினான். வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. விடியற்காலை சுபுஹு தொழுகையை முடித்துவிட்டுப் புறப்படுவான். போகிற திசையில் எந்த ஊர்ப் பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிறதோ அங்கே மதியத்து ஜும்ஆ தொழுகை. பொழுது சாய்வதற்குள் வீடு. உடம்பெல்லாம் செம்மண் படிந்து, முழங்கால் இரண்டும் விண்விண் என்று தெறிக்க, அவன் வீட்டுக்குள் நுழையும்போது உலகத்திலேயே அவனைவிடச் சந்தோஷமான ஆள் கிடையாது.

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் வாசலிலேயே அந்தக் கேள்வி நின்றது. என்ன சோலி? யார் வீட்டுக்கு? ஒரு வேலையும் இல்லாமல் ஒருவன் வெயிலில் பத்துப் பதினைந்து மைல் சைக்கிள் மிதித்து வருவான் என்று நம்புவதற்கு ஆள் இல்லை. இதற்கு வழி தானாகவே அமைந்தது. சித்தன்னவாசல் மலைமேல், பாறையில் வழவழவென்று செதுக்கிய பழைய கல் படுக்கைகளைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க இறங்கி வந்தவனை, கீழே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் மேலும் கீழும் பார்த்தார். "மாடு காணாமத் தேடி வந்தீங்களா?" என்றார். பேசத் தெம்பில்லாமல் சாதிக் தலையை ஆட்டி வைத்தான். அவ்வளவுதான், அந்த மனிதர் முகமே மாறிவிட்டது. தூக்குவாளியிலிருந்து கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார். ஆட்டை அப்படியே விட்டுவிட்டு அவனோடு அரை மைல் நடந்து, மலையைச் சுற்றி ஒரு தடம் இருப்பதையும், அது இரண்டு பாறைகளுக்கு நடுவில் புகுந்து ஒரு சுனைக்குப் போவதையும் காட்டினார். மாடு அங்கேதான் தண்ணீர் குடிக்க வரும் என்றார். அந்தச் சுனையில் தாமரை பூத்திருந்தது. சாதிக் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

அன்றைக்கு அவனுக்குப் பிடிபட்டது. மாடு எங்கே வேண்டுமானாலும் போகும். ஆகவே மாட்டைத் தேடுகிறவனும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். மலைக்குப் பின்னால், கண்மாய்க்கு அடியில், குகைக்குள், பனங்காட்டுக்குள், எந்தத் தடத்தில் கால் வைத்தாலும் அவனுக்கு நியாயம் உண்டு. விரட்டுவதற்கு ஆள் கிடையாது, வழி சொல்ல ஆள் உண்டு. மாட்டைத் தொலைத்தவனைப் பார்த்து மனம் இளகாத, ஏர் பிடிக்கிற சம்சாரி இந்தச் சீமையில் இன்னும் பிறக்கவில்லை. ஆனால் சம்சாரிகள் விவரம் கேட்பார்கள். முதலில் நிறம் கேட்டார்கள், மயிலை என்றான். கொம்பு கேட்டார்கள், இடது கொம்பு நுனி ஒடிந்திருக்கும் என்றான். சுழி எப்படி, பல் எத்தனை என்று ஒருவர் நோண்டியபோது திருதிருவென்று விழித்தான். மறுநாள் பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு வண்டிக்காரரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, நெற்றியில் ஒற்றைச் சுழி, ஆறு பல், மாமனார் வீட்டு வண்டி மாடு, லாடம் அடித்தது என்று எல்லாவற்றையும் பொருத்திக்கொண்டான். போகப் போக அந்த மாட்டின் நடையே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் மனைவி ராபியாவுக்குத்தான் இதில் கொண்டாட்டம். "என்னங்க, இன்னிக்காச்சும் மாடு ஆப்புட்டுச்சா?" என்பாள், அவன் சைக்கிளை உள்ளே ஏற்றும்போதே. "எங்க அத்தாவுக்கு வண்டியும் கெடயாது, மாடும் கெடயாது. ஒங்களால அவுக பெரிய பண்ணக்காரராயிட்டாக." பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, போன ஊர், பார்த்த பாறை, குடித்த தண்ணீரின் ருசி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் கேட்பாள். ஒரே ஒரு தடவை மட்டும், "பாவம்ங்க, அந்தச் சனங்க நெசமாவே தேடுவாங்கள்ல?" என்றாள். சாதிக் சிரித்துவிட்டு, கால் கழுவத் தண்ணீர் கேட்டான்.

ஆடி மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குன்றாண்டார்கோவில் குடைவரையைப் பார்க்கப் போனவன், வரும்போது மெயின் ரோட்டை விட்டு மேற்கே ஒரு வண்டித்தடத்தில் இறங்கினான். இரண்டு மைலில் புளியடிப்பட்டி என்று ஒரு சின்ன ஊர் வந்தது. நாற்பது வீடு, ஒரு சாவடி, ஒரு ஊருணி. கடைசி வீட்டில் தண்ணீர் கேட்டான். மூக்கன் என்ற சம்சாரியின் வீடு அது. அவர் மனைவி இருளாயி செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். மூக்கன் வழக்கம்போல விவரம் கேட்டார். சாதிக் வழக்கம்போலச் சொன்னான். சொல்லும்போது கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிட்டான். அந்த மாடு இல்லாமல் மாமனார் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை என்றான். மூக்கன் வாயில் இருந்த புகையிலையைத் துப்பிவிட்டு, "கெடச்சிரும் ராவுத்தரய்யா. வாயில்லாச் சீவன், எங்க போயிரும். கண்ணுல பட்டா நான் கட்டி வைக்கிறேன். நீங்க எப்ப வருவீங்க?" என்றார். "எப்ப வந்தாலும் வெள்ளிக்கெழமதான்" என்றான் சாதிக். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள் வேறு திசைகளில் போயின. மூக்கன் வீடு அவன் நினைவில் ஒரு செம்புத் தண்ணீராக மட்டும் இருந்தது.

புரட்டாசியில் மழை முந்திக்கொண்டு இறங்கி, புழுதியெல்லாம் அடங்கியிருந்தது. சைக்கிள் விடுவதற்கு அதைவிட நல்ல காலம் இல்லை. அந்த வண்டித்தடம் புளியடிப்பட்டியைத் தாண்டி எங்கே போகிறது என்று பார்த்துவிடலாம் என்று சாதிக் மறுபடியும் அந்தப் பக்கம் போனான். ஊருக்குள் நுழையும்போதே சாவடியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். "வந்துட்டாருய்யா" என்று ஒரு குரல் கேட்டது. இரண்டு பேர் ஓடிவந்து சைக்கிளை வாங்கிக்கொண்டார்கள். நம்மை இப்படி ஞாபகம் வைத்திருக்கிறார்களே என்று அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாவடித் தூணில் ஒரு மயிலை மாடு கட்டியிருந்தது. தூணுக்குக் கீழே மூக்கன், இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி இருளாயி. சாதிக்கைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் உயிர் வந்தது.

மணியக்காரர் ஆண்டியப்பன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த மாடு ஊர் எல்லையில் தனியாகத் திரிந்திருக்கிறது. மூக்கன் பிடித்துக்கொண்டுபோய் வீட்டுக்குப் பின்னால் கட்டிவிட்டான். யாரிடமும் சொல்லவில்லை. போன வாரம் அதை ஏரில் பூட்டி உழுததைப் பார்த்துத்தான் ஊருக்கே தெரிந்தது. கேட்டால், இது புதுக்கோட்டை ராவுத்தர் மாடு, அவர் வெள்ளிக்கிழமை வருவார், அவருக்காகக் கட்டி வைத்திருக்கிறேன் என்கிறான். விளைச்சலில் பங்கு கொடுத்து மூக்கன் வாரத்துக்கு உழுகிற நிலம் பிச்சை என்பவருடையது. களவாணிப் பயலுக்கு என் நிலம் கிடையாது, விதைத்தது விதைத்தபடி இறங்கிவிடட்டும் என்று அவர் ஒரே பிடியாக நிற்கிறார். இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ராவுத்தர் வந்தால் சரி. வராவிட்டால் கீரனூர் ஸ்டேஷனுக்கு எழுதி அனுப்புவது என்று முடிவாகியிருக்கிறது.

"மூணு வெள்ளிக்கெழமயா ரோட்டப் பாத்துக்கிட்டே கெடந்தேன் ராவுத்தரய்யா" என்றார் மூக்கன். "பவுண்டுப் பட்டியில அடச்சா ஒங்களுக்குத் தண்டம் ஏறிக்கிட்டே போகுமேன்னுதான் வீட்டுல கட்டுனேன். சும்மா கட்டிப்போட்டா காலு மரத்துப்போகும்னு ஒரு நாள் ஏருல பூட்டுனேன். அது தப்புத்தான்."

"எடது கொம்பு ஒடிஞ்சதுன்னு ஒங்கிட்ட சொன்னாருன்ன" என்றார் பிச்சை, கூட்டத்தின் முன்னால் வந்து. "இதுக்கு ஒடிஞ்சது வலது கொம்புல்ல."

"அவரு எதுக்க நின்னு பாத்துச் சொல்லியிருப்பாரு. எதுக்க நின்னா எடதுதானே?"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். மூக்கன் சிரிக்கவில்லை. எதிரே நின்று மாட்டைப் பார்த்து, தன் கையைத் தூக்கித் தூக்கி இடது வலது போட்டு, அதை அவர் எத்தனை நாள் யோசித்திருப்பார் என்று சாதிக்குக்குத் தோன்றியது. 'ஆமாம், என் மாடுதான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூக்கன் தலைநிமிர்ந்து வீட்டுக்குப் போவார். ஊரே அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. ஆனால் இந்த மாட்டுக்கு எங்கோ ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். அவனும் இப்படித்தான் ஊர் ஊராகத் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டு அலைவான், நிஜமாகவே. சாதிக் நடு வழி ஒன்றைப் பிடித்தான். மாட்டைச் சுற்றி வந்து, திமிலைத் தடவி, பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "அச்சு அசல் எங்க மாடு மாதிரியேதான் இருக்கு. ஆனா எங்க மாடு இல்ல. எங்க மாடுன்னு நம்பித்தான் இவரு கட்டியிருக்காரு, இவரு மேல தப்பு இல்லிங்க" என்றான். நன்றாகச் சமாளித்துவிட்டதாகவே நினைத்தான்.

மணியக்காரர் தலையை ஆட்டினார். பிறகு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, "சரி ராவுத்தரே. ஒங்க மாட்ட எந்தெந்தப் பவுண்டுல போயிப் பாத்தீங்க?" என்று கேட்டார்.

"மலயிலதாங்க தேடுனேன்" என்றான் சாதிக். அவன் அன்னவாசல் கண்மாயைப் பார்த்திருக்கிறான், நார்த்தாமலைப் பாறை ஒவ்வொன்றிலும் ஏறியிருக்கிறான், குடுமியான்மலையில் எழுத்து வெட்டிய பாறைக்கு எதிரில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றிருக்கிறான். ஒரு பவுண்டைக்கூட எட்டிப் பார்த்ததில்லை. மேய வந்த மாட்டை யாராவது பிடித்தால் முதலில் கொண்டுபோய் அடைக்கிற இடம் பவுண்டுதான். மாட்டைத் தொலைத்தவன் முதலில் ஓடுகிற இடமும் அதுதான். இது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். பஸ் கம்பெனி கிளார்க்குக்குத் தெரியவில்லை, டீ குடித்த வண்டிக்காரரும் சொல்லவில்லை.

கூட்டத்தின் சத்தம் மாறியது. "மலையில தேடியிருக்காரு, பவுண்டுல தேடலியாம்" என்றார் ஒருவர். பிச்சை இன்னும் ஒரு அடி முன்னால் வந்தார். "துப்புக்கூலிக் கூட்டம்யா இது" என்றார். அப்படி ஒரு தொழில் அந்தப் பக்கத்தில் இருக்கத்தான் செய்தது. ஒருவன் மாட்டைக் களவாண்டு ஒளித்து வைப்பான். இன்னொருவன் ஊர் ஊராகச் சுற்றி, துப்புச் சொல்கிறேன் என்று கூலியைக் கறந்துகொண்டு மாட்டைக் காட்டிக்கொடுப்பான். சுற்றுகிற ஆள் சைக்கிளில் வந்து நிற்கிறான். ஒளிக்கிற ஆள் தூணுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன பொய் மூக்கனை இன்னும் ஒரு முழம் உள்ளே தள்ளிவிட்டது.

இருளாயி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் சாதிக்கால் முடியவில்லை. "ஐயா, எனக்கு மாடே கெடயாது" என்றான். "எங்க மாமனாருக்கும் கெடயாது. நான் பஸ் கம்பெனியில டிக்கெட் கிழிக்கிற ஆளு. சைக்கிள்ல ஊரு பாக்குறது எனக்கு ஒரு ஆசை. சும்மா வந்தேன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. அதுக்காக ஒரு மாட்டச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இவரு அத நம்பிட்டாரு. களவாணின்னு எழுதணும்னா என் பேர எழுதுங்க."

சொல்லி முடித்தவுடன் அவனுக்கு உடம்பு லேசாகிவிட்டது. ஊர்தான் கனத்துப்போய் நின்றது. அத்தனை பொய்யையும் நம்பியவர்கள் உண்மையை நம்ப மறுத்தார்கள். இருபது மைல் மிதித்து வந்து எதைப் பார்க்க? எங்கள் ஊரில் என்ன இருக்கிறது? புளியடிப்பட்டியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. "அப்பிடி எங்க ஊருல என்னத்தப் பாத்தீங்க, சொல்லுங்க பாப்போம்" என்றார் மணியக்காரர்.

அந்தக் கேள்விக்காகவே சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து காத்திருந்தவன்போல சாதிக் பேச ஆரம்பித்தான். கம்பி வலைக்குப் பின்னால் இருந்து கூப்பிடுகிற அதே கணீர்க்குரல்தான். கீரனூர் தாண்டியதும் மூன்றாவது மைல் கல்லுக்கு எதிரே இரட்டைப் பனையில் ஒன்றை ஆலமரம் விழுங்கிக்கொண்டிருப்பதைச் சொன்னான். உங்கள் ஊருணித் தண்ணீர் செம்பில் ஒரு ருசி, கையால் அள்ளிக் குடித்தால் ஒரு ருசி என்றான். படித்துறையில் கீழிருந்து இரண்டாவதாகக் கிடக்கிற துவைகல் துவைகல்லே இல்லை, அதன் அடிப்பக்கம் முழுக்கப் பழைய எழுத்து வெட்டியிருக்கிறது என்றான். "துவைக்கிற கல்லுல எழுத்தா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"இருக்கு" என்றாள் இருளாயி. அவ்வளவு நேரத்தில் அவள் வாய் திறந்தது அப்போதுதான். "அன்னிக்கி இவரு தண்ணி குடிச்சிட்டுப் போயி ஊருணியில குப்புறக் கெடந்தாரு. வெயிலுக்கு மயங்கிட்டாருன்னு நான் செம்போட ஓடுனேன். கையத் தண்ணிக்குள்ள விட்டு அந்தக் கல்லத் தடவித் தடவிப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. தானா சிரிச்சுக்கிட்டாரு. மாட்டத் தொலச்ச ஏக்கத்துல புத்தி பெரண்டு போச்சுன்னு நெனச்சு, நான் பேசாமத் திரும்பி வந்துட்டேன்."

மணியக்காரர் எழுந்தார். அவர் பின்னால் ஊரும் எழுந்தது. நாலு ஆள் கடப்பாரை போட்டு நெம்பிக் கல்லைப் புரட்டினார்கள். பாசியை வழித்துவிட்டுப் பார்த்தால், வரிசை வரிசையாக எழுத்து. படிக்கத்தான் யாராலும் முடியவில்லை. மணியக்காரர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சாதிக் பக்கம் திரும்பினார். "களவாட வந்தவன் கல்லப் படுத்துக்கிட்டுத் தடவ மாட்டான்யா. இது வேற வியாதி" என்றார். சாவடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதி வாங்கினார். மாடு தேடுவதாகச் சொன்னது பொய், அதை நம்பி மூக்கன் கட்டினான், ஏரில் பூட்டியது தவறு, களவு நோக்கம் இல்லை. சாதிக் கையெழுத்துப் போட்டான். பிச்சை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனார். ஆனால் எழுத்தில் வந்துவிட்டதால், நிலத்தைப் பற்றிய பேச்சை அதோடு விட்டுவிட்டார். மாட்டைக் கீரனூர் பவுண்டுக்கு ஓட்டிப்போனார்கள். மூன்றாம் நாளே விராலிமலைப் பக்கத்திலிருந்து சொந்தக்காரன் வந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கூட்டிப்போனானாம்.

இதெல்லாம் நல்லபடியாக முடிந்ததுதான். ஆனால் அன்றைக்குச் சாதிக் புறப்படும்போது மூக்கன் எதிரில் வந்து நின்றார். அவர் கண் சைக்கிள்மேல் இருந்தது, அவன்மேல் இல்லை. "வைக்கோலு போனாப் போகுது. சாப்பிட மாட்டேங்குறாரு மாமனாருன்னு சொன்னீங்களே. அதக் கேட்டுட்டு இவ ராத்திரியோட ராத்திரியா கருப்பருக்கு நேந்துக்கிட்டா. ஒங்க மாடு கெடச்சா மண்ணு மாடு செஞ்சு வைக்கிறேன்னு. இல்லாத மாட்டுக்கு நேந்தத இப்ப நான் என்னன்னு சாமிகிட்டச் சொல்ல?" என்றார். பதிலுக்கு நிற்காமல் வீட்டுக்குள் போய்விட்டார். சாதிக்குக்கு அன்று இருபது மைலும் எதிர்க்காற்று அடித்தது.

ராபியா அன்றைக்கு மாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது. அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். "அவுங்க நேத்திக்கடன், அவுங்க செய்வாங்க. ஆனா மாடுன்னு அங்க போயிச் சொன்னது நீங்கதானே. அந்த மண்ணு மாட்டச் சொமந்துகிட்டுப் போயாச்சும் குடுங்க" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் புளியடிப்பட்டிக்குப் போய், மூக்கன் வெளியே போயிருந்த நேரமாகப் பார்த்து, அந்த நேர்த்தியைப் பற்றி இருளாயியிடம் கேட்டான். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "மாடு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. நேந்தது நேந்ததுதான். கீரனூருப் பக்கம் மண்ணு மாடு செய்யிற வேளாருகிட்டச் சொல்லியாச்சு. கொண்டாறதுக்குத்தான் வண்டி இல்ல" என்றாள். தன் சைக்கிளில் ஏற்றி வருவதாக அவன் சொன்னதும் கொஞ்சம் யோசித்தாள். "எங்க வீட்டு ஆளும் கூட வரணும். தனியா நீங்க கொண்டாந்தா கருப்பரு ஏத்துக்குவாரோ என்னமோ. வரச் சொல்றேன்" என்றாள்.

மூக்கன் வந்தார். குறித்த வெள்ளிக்கிழமை விடிந்ததுமே வந்து, வேளார் வீட்டு வாசலில் அவனுக்கு முன்னாலேயே நின்றிருந்தார். மாடு இடுப்பு உயரம் இருந்தது, சூளையில் சுட்டு, செங்காவி பூசி, கழுத்தில் மணியெல்லாம் வைத்து. வைக்கோல் பிரியைச் சுற்றி, கேரியரில் அண்டக் கொடுத்து, மூன்று பேராகக் கட்டினார்கள். ஏறி மிதிக்க முடியாது. தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சாதிக் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். மூக்கன் இரண்டு கையாலும் மாட்டை அணைத்துக்கொண்டு பின்னால் வந்தார். எதிரே வந்த சனங்கள் நின்று பார்த்தார்கள். ஒரு அம்மாள் மண் மாட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாதிக் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்தான். மழை நன்றாகப் பெய்திருக்கிறது என்றான். விதைப்பு எப்படி என்றான். பின்னால் செருப்புச் சத்தம் மட்டும் வந்தது. மன்னிப்புக் கேட்க ஊர்ப்பட்ட வார்த்தைகளைக் கட்டிவைத்துக்கொண்டு வந்தவனுக்கு, அந்தச் சத்தத்தின் முன்னால் ஒன்றுகூட வாயில் ஏறவில்லை. நடப்பது ஒன்றுதான் அவனால் முடிந்தது, நடந்தான்.

ரோட்டை விட்டு இறங்குகிற இடத்தில், வழக்கமான வண்டித்தடத்துக்குச் சைக்கிளைத் திருப்பினான்.

"அங்கிட்டு வேணாம்."

சாதிக் நின்றான்.

"கல்லுத் தடம். ஆட்டம் குடுத்தா கழுத்து விட்டுரும். இங்கிட்டுத் திருப்புங்க."

இடது பக்கத்தில், இரண்டு பனைகளுக்கு நடுவே, ஒரு ஆள் நடந்து போகிற அகலத்துக்கு மணல் தடம் ஒன்று கீழே இறங்கிப் போனது. இரண்டு புறமும் மழைக்குத் தழைத்த ஆவாரஞ்செடி. இந்த வழியில் மூன்று முறை போய்வந்தும் அப்படி ஒன்று இருப்பதைச் சாதிக் பார்த்ததில்லை.

"இது எங்க போயி ஏறும்?" என்றான்.

"போனாத் தெரியும்" என்றார் மூக்கன்.

சாதிக் சைக்கிளைத் திருப்பினான். முன்சக்கரம் மணலில் ஆழ இறங்கி, நகராமல் நின்றது. மூக்கன் மாட்டின் முதுகிலிருந்து ஒரு கையை எடுத்து, கேரியரைப் பிடித்துத் தள்ளினார்.